செக்கிங் அக்காவும் கல்லாய்ப் போன ரொட்டியும்

எங்கள் சபையில் செக்கிங் அக்கா என்று ஒருவர் உண்டு. சட்டை தைக்கும் கம்பெனியில் வேலை. அவர் தைப்பதில்லை. தைத்து வரும் சட்டையில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் வேலை. தலைக்கு மேலே டியூப் லைட், முன்னால் வெள்ளை மேஜை, கையில் நூல் வெட்டும் குட்டிக் கத்தரி, பக்கத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் சுருள். சட்டை வந்து விழுந்ததும் காலரைத் திருப்புவார், அக்குளைப் பிரிப்பார், ஒவ்வொரு பட்டனையும் பல் பிடுங்குகிற மாதிரி இழுத்துப் பார்ப்பார். தையல் ஒரு நூல் விலகியிருந்தால் போதும், அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு. தைத்த பெண்ணுக்கு நெஞ்சில் அம்பு.

வருஷக்கணக்காக இதையே பார்த்துப் பார்த்து அக்காவின் கண் மனுஷக் கண்ணாகவே இல்லை. கழுகு வந்து அவரிடம் டியூஷன் படித்துவிட்டுப் போகலாம். பிஸ்கட் பாக்கெட்டில் தேதி பார்ப்பது எல்லாரும் செய்வது. அக்கா தேதியைப் பார்த்துவிட்டு, "இந்தத் தேதிய யாரு போட்டது?" என்று கேட்பார். யாராவது அவரைப் பார்த்துச் சிரித்தால் ஏன் சிரிக்கிறார்கள் என்று யோசிப்பார். சிரிக்காமல் போனால் இன்னும் அதிகமாக யோசிப்பார். கல்யாணத்தன்று போட்ட மோதிரத்தைக் கடித்துப் பார்த்தார் என்று அவர் வீட்டுக்காரர் சொல்வார். வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர், அவர் பேச்சில் முக்கால்வாசியைக் கழித்துவிட வேண்டும். ஆனால் மோதிரத்தில் பல் தடம் இருக்கிறது. நானே பார்த்தேன்.

இப்படிப்பட்டவர் கையில்தான் எங்கள் சபை தன் ரொட்டியைக் கொடுத்திருந்தது.

அது என்ன ரொட்டி என்று சொல்ல வேண்டும். நாங்கள் கூடுவது டயர் கடைக்கு மேலே இருக்கும் மாடி ஹாலில். பாட்டும் ஜெபமும் மேலே நடக்கும், கீழே காற்றடிக்கும் மெஷின் புஸ்ஸென்று ஆமென் சொல்லும். மாதத்தில் ஒரு ஞாயிறு திருவிருந்து, ஆண்டவரின் நினைவாக எல்லாரும் அப்பத்தைப் பங்கிட்டுச் சாப்பிடுவது. மற்ற சபைகளில் கடையில் விற்கிற மெல்லிய வட்ட அப்பம் வாங்கி வைப்பார்கள். எங்களுக்கு அது கிடையாது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கைப்பிடி கோதுமை மாவு வரவேண்டும். சின்னப் பையில் முடிச்சுப் போட்டு, ஹாலின் பின்பக்க மேஜையில் வெள்ளிக்கிழமையே வைத்துவிட வேண்டும். எல்லா மாவையும் ஒன்றாகக் கொட்டி, ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்து ஒரே ஒரு பெரிய ரொட்டி சுடுவார் அக்கா. ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் அதை எல்லார் முன்னாலும் கையால் உடைப்பார்.

பாஸ்டர் இதைப் பற்றி அடிக்கடி சொல்வார். "கோதுமை மணியாக் கிடக்கும்போது ஒவ்வொண்ணும் தனி. அரைச்சு, தண்ணி விட்டு, நெருப்புல வெச்சப்புறம் என் மணி எது, உன் மணி எதுன்னு யாராவது பிரிச்சுக் காட்ட முடியுமா? அதுதான் சபை. அந்த ரொட்டி உடையும்போது, நமக்காக உடைஞ்சாரே, அவர் உடம்பை நினைச்சுக்கோங்க."

அக்காவுக்கு இந்த வேலை உயிர். கம்பெனியில் அவர் எதையும் உண்டாக்குவதில்லை, மற்றவர்கள் உண்டாக்கியதைக் குறை சொல்வதோடு சரி. சாப்பாட்டு நேரத்தில் தையல்காரப் பெண்கள் அவர் உட்காரும் பெஞ்சில் உட்காருவதில்லை. அவர் கையால் ஆகி, நாலு பேர் கண்ணை மூடிக்கொண்டு வாயில் போடுகிற ஒரே பொருள் இந்த ரொட்டி. அதுவும் எப்படிப்பட்ட ரொட்டி! மேலே பொன் நிறம், உள்ளே பஞ்சு. அதன் மேல் தலை வைத்துத் தூங்கினால் நல்ல கனவு வரும். இரண்டாவது துண்டு கேட்டு வரிசையில் மறுபடியும் நின்ற பாவிகள் எங்களில் உண்டு.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை மாவுக்குள் ஒரு வண்டு நடந்தது.

கடுகை விடச் சின்ன வண்டு. ஆனால் அக்கா சொன்னதைக் கேட்டால் கன்றுக்குட்டி நடந்து போனது போல இருந்தது. அது எந்தப் பையிலிருந்து வந்தது? கடைசியாகப் பிரித்த பை, நீல முடிச்சுப் போட்டது. நீல முடிச்சு அவருடைய நாத்தனார் வீட்டுப் பை.

நாத்தனார் என்றால் வேன்காரரின் தங்கை. இரண்டு தெரு தள்ளி, வீட்டு முன்னறையில் ஒரு நாற்காலியும் ஒரு கண்ணாடியும் போட்டுப் பெண்களுக்கு முடி வெட்டுகிறவர். வாய் கத்தரியை விட வேகம். அண்ணிக்கும் அவருக்கும் பெரிய சண்டை எதுவும் இல்லை. ஆனால் அண்ணி அவர் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கும் முன் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அதை நாத்தனார் பார்த்துக்கொண்டே இருப்பார்.

வண்டு வந்த நாளிலிருந்து அக்கா யார் வீட்டு மாவையும் நம்பவில்லை. எந்த வீட்டில் எலி ஓடுகிறதோ, எந்த வீட்டில் கை கழுவாமல் அள்ளுகிறார்களோ! எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, பெரிய வாணலியில் போட்டு வறுத்தார். பூச்சி இருந்தால் சாகட்டும், அதன் முட்டை இருந்தால் அதுவும் சாகட்டும். வாசனை வரும் வரைக்கும் வறுத்து, ஆற வைத்து, சல்லடையில் இரண்டு தடவை சலித்து, அப்புறம்தான் பிசைந்தார். சபைக்குப் போகும் அப்பம் சுத்தமாக இருக்க வேண்டுமல்லவா?

அந்த ஞாயிறு பாஸ்டர் ரொட்டியைத் தூக்கினார். ஜெபித்தார். உடைத்தார்.

உடையவில்லை.

மறுபடி உடைத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. தலை குனிந்திருந்த சபை மெல்ல நிமிர்ந்தது. பாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, முழங்காலில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். விறகு ஒடிகிற சத்தம் கேட்டது. கீழே டயர் கடைக்காரர் தன் ஸ்டாண்டு சரிந்துவிட்டது என்று வெளியே ஓடி வந்து பார்த்தாராம். பல்செட் தாத்தா என்று எங்களில் ஒருவர், தன் துண்டை வாயில் போட்டவர் மறுநாள் காலை வரைக்கும் ஜெபத்திலேயே இருந்தார். வாயைத் திறக்க முடியவில்லை.

அக்காவுக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. யாரோ கெட்ட மாவு கொடுக்கிறார்கள்.

அடுத்த மாதம் எச்சரிக்கையானார். ஒவ்வொரு பையிலிருந்தும் இரண்டு கரண்டி மாவைத் தனித்தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். சாம்பிள். கம்பெனிப் பழக்கம் அது. மீதியை முன்னைவிட நன்றாக, சிவக்கச் சிவக்க வறுத்தார். அந்த மாத ரொட்டி போன மாத ரொட்டிக்கு அப்பா. அதை வைத்து ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருக்கலாம். பாஸ்டர் கத்தி கேட்டார். திருவிருந்தில் கத்தி வந்தது எங்கள் சபையில் அதுதான் முதல் தடவை.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றால் ஹாலில் மூலை. எல்லாருக்கும் கேட்கும்.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. உடையாத ரொட்டிய வெச்சு உடைஞ்சவரை எப்படிக் காட்டுறது? இன்னொரு மாசம் பார்ப்போம். அப்பவும் இப்படியே வந்தா, பாக்கெட் அப்பம் வாங்கிடலாம். இந்த மாவு சேர்க்கிற வழக்கத்தையும் விட்டுடலாம்."

"ரொட்டி எப்படிச் செஞ்சீங்கன்னு என்னைக் கேளுங்க பாஸ்டர். மாவு எப்படிக் குடுத்தாங்கன்னு அவங்களக் கேளுங்க."

பாஸ்டர் பெருமூச்சு விட்டார். அன்றைக்கு அவர் பிரசங்கமே அதைப் பற்றித்தான். முதல் முதலாக அந்த அப்பம் உடைந்த மேஜையில், உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று ஆண்டவர் சொன்னபோது, சீஷர்கள் பக்கத்து ஆளைக் கை காட்டவில்லை, ஒவ்வொருத்தரும் "நானா?" என்றுதான் கேட்டார்கள் என்று சொல்லியிருந்தார். எங்கள் எல்லாருக்கும் கொஞ்சம் உறைத்தது. அக்காவுக்கு அதிலிருந்து தெரிந்தது வேறு. பன்னிரண்டு பேரிலேயே ஒரு கள்ளன் இருந்திருக்கிறான். இத்தனை வீட்டில் எத்தனை இருக்கும்!

படியிறங்கும் இடத்தில் நாத்தனாரைப் பிடித்தார்.

"மாவு எங்க வாங்குன?"

"கடையிலதான் அண்ணி. ஆகாயத்துல இருந்தா கொட்டுது?"

"எந்தக் கடை?"

"நீங்க வாங்குற அதே கடை. உங்களுக்குப் பின்னாடி வரிசையில நின்னேனே, மறந்துட்டீங்களா?"

"அப்போ உன் பையில மட்டும் எப்படிப் பூச்சி வந்துச்சு?"

"ஓ, அதுவா?" நாத்தனார் இடுப்பில் கை வைத்தார். "அது என் வீட்டுப் பூச்சின்னு எப்படித் தெரிஞ்சுது? என் ஜாடையில இருந்துச்சா?"

படியில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் தப்பாகிவிட்டது. சிரிப்புச் சத்தம் கேட்டதும் அக்காவுக்கு மூக்கு நுனி சிவந்தது.

"உனக்கு ரொட்டி சுடுற வேலை வேணும். அதான் எதையோ கலந்து குடுக்குற. நான் கெட்ட பேரு வாங்கணும், நீ வந்து உட்காரணும்."

சிரிப்பு நின்றது. நாத்தனாரின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. அவர் வேகமாகப் பேசுகிறவர், அன்றைக்கு மெதுவாகப் பேசினார்.

"ஆண்டவருக்குப் போற மாவுல நான் எதையோ கலக்குறேன். அப்படித்தான?"

அக்கா தன் முந்தானையில் ஒரு பிசிறு நூலைத் தேடிப் பிடித்து இழுத்தார்.

"சரி அண்ணி. இனிமே என் வீட்டு மாவு வராது. நானும் திருவிருந்துக்கு வரல. ஒரு பிடி மாவுக்கு ஆகாதவளுக்கு ஒரு துண்டு ரொட்டி எதுக்கு?"

போய்விட்டார். அவரோடு அன்றைக்குச் சிரித்தவர்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் போனார்கள். அந்த மாதம் எங்களுக்கெல்லாம் ஒரு வியாதி வந்தது. கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு பக்கத்து வீட்டுக்காரியின் நகத்தைப் பார்ப்பது. இவள் கையாலா மாவு அள்ளுகிறாள்? பல்செட் தாத்தா தன் மருமகள் மேலேயே சந்தேகப்பட்டார். டயர் கடைக்காரர் சபைக்கே வராதவர், அவர் மேல்கூட ஒரு கண் விழுந்தது. ரொட்டி ஒன்றாக்கியதை வண்டு பிரித்துப் போட்டுவிட்டது.

அடுத்த திருவிருந்துக்கு ஒரு வாரம் முன்னால், ஒரு சனிக்கிழமை கம்பெனி அரை நாள். அக்கா வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அடுப்பைப் பற்ற வைத்தார். கள்ள மாவைக் கையும் களவுமாகப் பிடித்துப் பாஸ்டர் முன்னால் வைப்பது என்று தீர்மானம். எடுத்து வைத்த சாம்பிள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிசைந்தார். கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிய உருண்டைகள். அவற்றில் ஒன்று தன் வீட்டு மாவு. எந்த உருண்டை எந்த வீடு என்று அடையாளத்துக்குத் தட்டில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கலர் நூல். எது உப்பவில்லையோ அதன் மேல் ஒட்ட, சிவப்பு அம்பு ஒன்றைக் கிழித்துத் தயாராக அடுப்பு மேடை ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தார்.

வேன்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"என்னம்மா, பொம்மைக் கல்யாணமா? இத்தனூண்டு பன் யாருக்கு?"

"தொடாதீங்க. சாட்சி."

"சாட்சிய வேகவெச்சு இப்பத்தான் பாக்குறேன்."

ஓவன் கண்ணாடி வழியாக இரண்டு பேரும் பார்த்தார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒன்று மெல்லத் தோளைத் தூக்கியது. பக்கத்தில் ஒன்று. அப்புறம் பின் வரிசை. கொஞ்ச நேரத்தில் தட்டு முழுக்கக் கன்னத்தை உப்பிக்கொண்டு, சிரிப்பை அடக்குகிற பிள்ளைகள் மாதிரி நின்றன. எல்லாம். ஒன்று பாக்கியில்லை. எல்லாவற்றையும் விட உயரமாக நின்ற பன்னின் பக்கத்தில் நீல நூல் கிடந்தது.

அக்கா தட்டை வெளியே எடுத்து, ஒவ்வொரு பன்னையும் திருப்பினார், அமுக்கினார், பிய்த்தார். பஞ்சு. முகர்ந்தார். குறை சொல்ல ஒரு நூல் இடம் கிடைக்கவில்லை. அவருடைய வாழ்க்கையில் இப்படி ஒரு கேவலம் நடந்ததேயில்லை.

வேன்காரர் நீல நூல் பன்னை எடுத்து வாயில் போட்டார்.

"தங்கச்சி மாவு அருமை. ஏம்மா, இதுல அந்த வறுத்த வாசனையே இல்லயே?"

"வறுக்கல."

"ஏன்?"

"வறுத்தா பூச்சி செத்துடும். அப்புறம் சாட்சி எங்க இருக்கும்? எப்படிக் குடுத்தாங்களோ அப்படியே..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். வேன்காரர் மென்றுகொண்டே இருந்தார். பேசாமல் இருக்கத் தெரியாத மனுஷன், அந்த ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். அதற்காகவே அவருக்குப் பரலோகத்தில் ஒரு பார்க்கிங் இடம் உண்டு.

அக்கா தன் வீட்டு டப்பாவைத் திறந்தார். தன் மாவு, தன் கை. ஒரு பிடி எடுத்து வாணலியில் போட்டு, எப்போதும் போலச் சிவக்க வறுத்து, சலித்து, பிசைந்து, அதே ஓவனில் வைத்தார். முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். உருண்டை தோளைத் தூக்கவில்லை. வைத்த மேனிக்கு வெந்து, வெளியே எடுத்துத் தட்டில் போட்டபோது டங்கென்றது.

"நானா?" என்றார் அக்கா. தட்டைப் பார்த்துத்தான் கேட்டார்.

"மாவை உப்ப வைக்கிற பசையையெல்லாம் வாணலியிலயே கொன்னுருக்க," என்றார் வேன்காரர். மேடை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த சிவப்பு அம்பை மெல்ல உரித்து, "பூச்சிய நம்பியிருந்தாக்கூட இவ்வளவு நஷ்டம் வந்திருக்காது," என்றபடி அக்காவின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக இரண்டு தெரு தள்ளிப் போனார்.

நாத்தனாரின் முன்னறையில் நாற்காலியில் ஒரு பெண் கழுத்து வரைக்கும் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலை பாதி நீளம், பாதி குட்டை. கண்ணாடியில் அண்ணியைப் பார்த்த நாத்தனார் திரும்பவில்லை.

"என்ன அண்ணி, கத்தரி சுத்தமா இருக்கான்னு பாக்க வந்தீங்களா?"

"மாவு வாங்க வந்தேன்."

"எந்த மாவு? எதையோ கலந்த மாவா, கலக்காத மாவா?"

"அடுத்த வெள்ளிக்கிழமை மேஜைல உன் பை இருக்கணும். இல்லன்னா நான் ரொட்டி சுடல. பாஸ்டர் பாக்கெட்டே வாங்கிக்கட்டும்."

"எல்லார் மாவும் இருக்கும்ல? என் ஒரு பிடி இல்லாட்டி என்ன குறைஞ்சிடும்?"

"குறைஞ்சிடும்."

நாற்காலிப் பெண் இங்கேயும் அங்கேயும் தலையைத் திருப்பினார். "ஆடாதீங்க, காது போயிடும்," என்றார் நாத்தனார். கத்தரியை மூடினார். அப்போதுதான் அண்ணியை நேராகப் பார்த்தார்.

"தோள்ல என்ன அண்ணி அது?"

அக்கா கண்ணாடியில் பார்த்தார். இடது தோளில் சிவப்பு அம்பு. வேன்காரர் தட்டியபோது ஒட்டியது. இரண்டு தெருவும் அதோடுதான் நடந்து வந்திருக்கிறார். நுனி சரியாக அவர் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. உரிக்கக் கை தூக்கினார். பாதியில் இறக்கிவிட்டார்.

"உங்கண்ணன் ஒட்டுனது. இருக்கட்டும், சரியான இடத்துலதான் ஒட்டியிருக்கு." அப்புறம் ஒரே மூச்சில், "உன் மாவுல ஒண்ணுமில்ல. நான்தான் வறுத்துக் கெடுத்தேன். எல்லார் முன்னாடியும் உன்னைச் சொன்னேன், எல்லார் முன்னாடியும் இதையும் சொல்றேன்," என்றார்.

"இப்போதைக்கு நான் கேட்டுட்டேன்," என்றார் நாற்காலிப் பெண்.

நாத்தனார் உள்ளே போனார். பாத்திரச் சத்தம் கேட்டது. நீல முடிச்சுப் போட்ட பையோடு வந்தார். கொடுக்கவில்லை, பிடித்துக்கொண்டே நின்றார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு, இப்பவே கொண்டு போங்க. ஆனா ஒண்ணு. பிரிச்சுப் பாக்கக் கூடாது. வெளிச்சத்துல தூக்கிப் பாக்கக் கூடாது. மோந்து பாக்கக் கூடாது. சலிக்கக் கூடாது. பிசையும்போது முடிச்ச அவுத்து, கண்ண மூடிக்கிட்டு அப்படியே கொட்டணும்."

செக்கிங் அக்காவிடம் போய் இப்படி ஒரு நிபந்தனை! மீனிடம் போய்த் தண்ணீரைத் தொடாமல் நீந்து என்று சொன்ன மாதிரி. அக்காவின் நெற்றி வேர்த்தது.

"பூச்சி இருந்தா?"

"இருந்தா நானும்தான அதே ரொட்டிய சாப்பிடப் போறேன்?"

அக்கா பையை வாங்கினார்.

அந்த ஒரு வாரம் பை அவர் வீட்டு அலமாரியில் இருந்தது. வேன்காரர் சொல்வது: சமையலறைக்குப் போகும்போதெல்லாம் அக்கா அந்தப் பைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரோடு சுவராக நடந்தாராம். ஒரு தடவை காதை மட்டும் பையில் வைத்து, உள்ளே ஏதாவது நடக்கிறதா என்று கேட்டாராம். கேட்கக் கூடாது என்று நாத்தனார் சொல்லவில்லையே. இதிலும் முக்கால்வாசியைக் கழித்துவிடுங்கள்.

ஞாயிறு வந்தது. பாஸ்டர் ரொட்டியைத் தூக்கும் முன், அக்கா எழுந்து நின்று நாலு வார்த்தை சொன்னார். வாணலி, வறுத்தது, நாத்தனார் மேல் போட்ட பழி. சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கீழே காற்று மெஷின் புஸ்ஸென்றது. நாங்கள் அந்த மாதம் யார் யார் நகத்தைப் பார்த்தோமோ, அவர்களிடமிருந்து கண்ணை எடுத்துத் தரையில் வைத்தோம்.

பாஸ்டர் ரொட்டியைத் தூக்கினார். பயத்தோடுதான் தூக்கினார், முழங்காலைத் தயாராக வைத்திருந்தார். கை வைத்ததும் அது மேகம் மாதிரி இரண்டாகப் பிரிந்தது. உள்ளேயிருந்து ஆவி வந்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சுட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது, இருந்தாலும் எனக்கும் வந்த மாதிரிதான் இருந்தது.

தட்டு வரிசையாக வந்தது. நாத்தனார் ஒரு துண்டு எடுத்தார். தட்டைப் பக்கத்தில் இருந்த அண்ணிக்குக் கொடுத்தார். அக்கா தன் துண்டை எடுத்தார்.

துண்டின் ஓரத்தில் கறுப்பாக ஒரு புள்ளி.

கருகிய மேலோடாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கடுகை விடச் சின்னது. அக்காவின் கட்டை விரல் தானாக அந்த இடத்துக்கு நகர்ந்தது. நாத்தனார் தன் துண்டை இன்னும் வாயில் போடவில்லை, அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கண்ணை இறுக்கி மூடினார். வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார்.

அப்புறம்தான் நாத்தனாரும் போட்டுக்கொண்டார்.

எல்லாம் முடிந்து படியிறங்கும்போது நாத்தனார் பக்கத்தில் வந்து கேட்டார். "எப்படி அண்ணி இருந்துச்சு? உண்மையச் சொல்லுங்க."

"உப்பு கொஞ்சம் கூட."

"யாரு போட்டது?"

அக்கா பழக்கதோஷத்தில் படியில் நின்ற எங்கள் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். நாங்களும் பழக்கதோஷத்தில் ஒரு படி பின்னால் போனோம்.

"நானாத்தான் இருக்கும்," என்றார்.